பதினொரு மாதம் எங்கே கிடக்கும்? பண்டிகை விளக்கும் அலங்காரமும் வாங்குமுன் ஓர் ஒப்பீடு

பண்டிகைக்காக வாங்கும் அலங்காரப் பொருள் எதுவானாலும், கோலாலம்பூர் வீடொன்றில் அது வாசலில் தொங்குவது அதிகம் போனால் மூன்று வாரம். ஸ்டோர் ரூமில் கிடப்பது பதினொரு மாதம். ஆகவே ‘மீண்டும் பயன்படுத்தலாம்’ என்று பெட்டியின்மீது அச்சிட்டிருப்பதை நம்பி ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. அந்தப் பதினொரு மாதத்தை அது பழுதில்லாமல் கழிக்குமா, கழிக்கும் என்றால் வீட்டின் எந்த மூலையில் கழிக்கும் என்பதுதான் பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி. இயற்கைக்குக் கேடில்லாத பண்டிகை என்ற பேச்சு எழும்போதெல்லாம் மூங்கிலா நெகிழியா, சூரிய ஒளியா மின்சாரமா என்று பொருளின் பிறப்பைப் பற்றியே வாதிடுகிறோம். அது எத்தனை தீபாவளி தாங்கும் என்பதையும் கணக்கில் சேர்த்தால், முடிவு பல இடங்களில் தலைகீழாகிவிடுகிறது.

நம் ஊர்க் காற்றை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீட்டைச் செய்ய வேண்டும். கோலாலம்பூரின் சராசரி ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது; பினாங்கும் அதற்குச் சளைத்ததன்று. இந்தக் காற்றில் பருத்தித் துணி பூஞ்சணம் பிடித்துக் கரும்புள்ளி விழுகிறது, காகிதக் கூண்டின் ஓரங்களைப் பூச்சி அரிக்கிறது, அழுத்தப்பட்ட மரத்தூள் பலகையில் வெட்டிய மயில் உருவம் விளிம்பில் ஊதிப் பெருக்கிறது. மலிவான விளக்குச் சரத்தின் பிவிசி உறை வெப்பத்தில் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. கழற்ற மறந்த பேட்டரி கசிந்து, உள்ளிருக்கும் கம்பிச்சுருளில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் மக்காது என்று நாம் அஞ்சும் நெகிழி, ஸ்டோர் ரூமில் இரண்டே ஆண்டுகளில் உதவாமல் போய்விடுகிறது என்பது ஒரு வேடிக்கைதான்.

இரண்டாவது அளவுகோல், ஓராண்டில் அந்தப் பொருளுக்கு எத்தனை முறை வேலை வருகிறது என்பது. செப்டம்பர், அக்டோபரில் நவராத்திரி, அதைத் தொடர்ந்து தீபாவளி, சில வாரங்களில் திருக்கார்த்திகை, சனவரி நடுவில் பொங்கல், பிறகு தைப்பூசம், ஏப்ரல் 14-இல் புத்தாண்டு. இவை அனைத்துக்கும் பொதுவாக நிற்கக்கூடிய பொருள் ஓராண்டில் ஐந்தாறு முறை வெளியே வரும். ‘இனிய தீபாவளி வாழ்த்துகள்’ என்று பளபளக்கும் எழுத்தில் அச்சிட்ட பதாகை ஒரே முறைதான் வரும். அதில் ஆண்டும் அச்சாகியிருந்தால் அடுத்த முறை என்ற பேச்சே இல்லை. எழுத்து உள்ள எதையும் வாங்காதீர்கள் என்பது சற்றுக் கடுமையான அறிவுரையாகத் தோன்றலாம். ஆனால் எழுத்தில்லாத தோரணமும் எழுத்தில்லாத விளக்கும் கல்யாணம், காதுகுத்து, புதுமனைப் புகுவிழா வரைக்கும் ஈடுகொடுக்கும்.

விளக்குச் சரம்: மின்கட்டணம் பெரிதன்று

எல்லாரும் முதலில் கேட்பது மின்சாரச் செலவைத்தான். எனவே அதை முதலிலேயே தீர்த்துவிடலாம். நூறு எல்இடி மணிகள் உள்ள பத்து மீட்டர்ச் சரம் ஏறத்தாழ 6 வாட் இழுக்கும். அத்தகைய நான்கு சரங்களை இரவில் ஐந்து மணி நேரம் வீதம் பதினைந்து நாள் எரித்தால் 1.8 யூனிட் ஆகிறது. ஒரு யூனிட்டுக்கு 45 சென் என்று வைத்துக்கொண்டால் முழுத் தீபாவளிக்கும் 81 சென். அதே கணக்கில் பழைய இழை பல்புச் சரம், ஒன்றுக்கு 40 வாட் வீதம், 12 யூனிட் இழுத்து 5 வெள்ளி 40 சென்னில் வந்து நிற்கும். படுக்கையறையில் உள்ள ஒரு குதிரைத்திறன் குளிர்சாதனம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடினால் அந்த எல்இடிச் செலவு முழுவதும் அதிலேயே போய்விடும்.

ஆக, எல்இடியா பழைய பல்பா என்பதில் இன்று விவாதத்துக்கு இடமில்லை. கடைகளிலும் பழையது அநேகமாக இல்லை. உண்மையான வேறுபாடு எல்இடிச் சரங்களுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு சரம் செத்துப்போகும்போது பெரும்பாலும் சாவது மணிகள் அல்ல. அவற்றுக்கு மின்சாரம் மாற்றித் தரும் சிறிய பெட்டியோ, மழை நீர் இறங்கிய இணைப்போ, மடித்து மடித்து உள்ளே அறுந்த கம்பியோதான். இவற்றில் எதையும் பிரித்துச் சரிசெய்ய முடியாதபடி உருக்கி ஒட்டியிருக்கும் சரத்தில், ஓர் இடத்தில் பழுது வந்தால் நூறு மணிகளும் குப்பைக்குப் போகின்றன.

இந்த இடத்தில்தான் மூன்று வகைகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் கிடைக்கும், லிப்லாப் என்று நாம் சொல்லும் மலிவான மின்னும் சரம் நேரடியாக 240 வோல்ட்டில் ஓடுவது. அதன் மெல்லிய கம்பியே அதன் ஆயுளைச் சொல்லிவிடும். இரண்டாவது வகையில், சுவரோரம் ஓர் அடாப்டர் இருந்து, சரத்துக்குள் 24 அல்லது 31 வோல்ட் போன்ற குறைந்த அழுத்தமே செல்லும். அடாப்டர் தனியாகக் கழலும், கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். மூன்றாவது, கடைத்தெருக்களிலும் உணவங்காடிகளிலும் குறுக்காகக் கட்டித் தொங்கவிடும், சாதாரண இ27 பல்பு மாட்டும் தடித்த கறுப்புக் கேபிள். இதில் ஒவ்வொரு பல்பையும் கையால் திருகி மாற்றலாம். 1 வாட் எல்இடி பல்புகளைப் போட்டால் இருபது பல்புக்கு 20 வாட்தான். தீபாவளிக்கு மஞ்சள், மற்ற நாள்களில் வெள்ளை என்று பல்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கேபிள் பத்தாண்டு உழைத்தாலும் வியப்பதற்கில்லை. அதன் குறை எடையும் இடமும்தான்: சுற்றி வைத்தால் ஒரு வாளியை நிரப்பும், தொங்கவிட உறுதியான கொக்கி வேண்டும். கார் போர்ச் உள்ள தரை வீட்டுக்கு இதுவே நான் பரிந்துரைப்பது. அடுக்குமாடியில் இருப்பவருக்கு இரண்டாவது வகை போதும்; முதல் வகையை இருவருக்கும் வேண்டாம் என்பேன்.

தீபாவளிப் பருவம் என்பது பிற்பகல் இடிமழைப் பருவமும் ஆகும் என்பதால், வெளியே தொங்கும் சரத்தில் ஐபி44 அல்லது அதற்கு மேலான குறியீடு இருக்க வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும் என்பது அதன் பொருள். மழைக்கு நேராக நனையும் வேலிக்கு ஐபி65 நல்லது. இந்தக் குறியீடு சரத்துக்கு மட்டுமே உரியது, அடாப்டருக்கும் நீட்டிப்புக் கம்பிக்கும் அது பொருந்தாது என்பதை மறந்து, நீட்டிப்புப் பெட்டியைப் பூச்சட்டிக்குப் பின்னால் தரையில் வைக்கும் வீடுகள் ஏராளம். சாரல் அடித்ததும் மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும், நாம் இன்னும் ஈஎல்சிபி என்றே அழைக்கும் அந்தச் சுவிட்ச் விழும். விளக்கோடு குளிர்பெட்டியும் நிற்கும், உள்ளே உறவினருக்காக வைத்திருக்கும் ஆட்டிறைச்சியோடு. நீட்டிப்புப் பெட்டியை இடுப்பு உயரத்தில், கூரைக்கு உள்ளே கட்டுவதற்கு ஐந்து நிமிடம் போதும்.

பிளக்கையும் பார்க்க வேண்டும். நம் நாட்டுச் சாக்கெட் மூன்று சதுர முனைகளுக்கானது. இருமுனைப் பிளக் உள்ள இறக்குமதிச் சரத்தை வாங்கிவந்து, பேனா மூடியால் மேல் துளையை அழுத்திக்கொண்டு செருகும் பழக்கம் நம்மிடம் இயல்பாகிவிட்டது. அதில் பியூசும் கிடையாது, பிடிப்பும் கிடையாது. எரிசக்தி ஆணையத்தின் அங்கீகாரத்தைக் காட்டும் சிரிம் லேபிள் பிளக்கிலோ அடாப்டரிலோ இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது பாதுகாப்புக்கு மட்டுமன்றி ஆயுளுக்கும் உதவும். லேபிள் பெற்ற பொருளில் கம்பியின் தடிமனை அவ்வளவு எளிதில் குறைத்துவிட முடியாது.

சூரிய ஒளிச் சரம்

பலரும் மனச்சாட்சிக்கு இதமாக வாங்குவது இதுதான். நான் மிகத் தயங்கிப் பரிந்துரைப்பதும் இதுதான். விலை குறைந்த சூரிய ஒளிச் சரத்துக்குள் இருப்பது பெரும்பாலும் 1.2 வோல்ட், 600 மில்லிஆம்பியர் மணி நிக்கல் பேட்டரி ஒன்று. அது முழுதாக நிரம்பினாலும் அதில் அடங்குவது 0.72 வாட் மணி. ஆறு மணி நேரம் எரிய வேண்டுமானால் சரம் முழுவதற்கும் கிடைப்பது 0.12 வாட், மின்சாரச் சரம் பயன்படுத்தும் 6 வாட்டில் ஐம்பதில் ஒரு பங்கு. ஏழு மணிக்குப் பளிச்சென்று தொடங்கி, விருந்தினர் வரும் ஒன்பது மணிக்கு மங்கிப்போவது இதனால்தான். மேகம் மூடிய நாளில் அதுவும் இல்லை.

அது மிச்சப்படுத்துவதையும் பார்க்கலாம். 6 வாட் சரம் ஆறு மணி நேரம் பதினைந்து நாள் எரிந்தால் 0.54 யூனிட், அதாவது 24 சென். இந்த 24 சென்னுக்காக இரண்டு மூன்று ஆண்டுகளில் வலுவிழக்கும் ஒரு பேட்டரியையும் ஒரு சிறிய பலகையையும் வாங்குகிறோம். தீபாவளி முடிந்து பெட்டியில் போட்டுவிட்டால் அந்தப் பேட்டரி தானாகவே வடிந்து, அடுத்த ஆண்டு எடுக்கும்போது பல வேளைகளில் ஏற்றமே பிடிப்பதில்லை. பெட்டியில் கிடப்பதைப் பொறுக்காத பொருள் இது. ஆண்டு முழுவதும் வெயிலில் வேலைசெய்ய வைத்தால்தான் இதற்கு நியாயம்.

அப்படி வேலை தரக்கூடிய வீடுகள் உண்டு. சாக்கெட் எட்டாத வெளிக்கேட்டுக்கும் வேலிக்கும், கம்பி இழுப்பதே தொல்லையான தோட்டத்து மாமரத்துக்கும் சூரிய ஒளிச் சரம் பொருத்தமானது. மழையில் நனைந்தாலும் ஆளை அடிக்கும் மின்னழுத்தம் அதில் இல்லை. வாங்கும்போது பேட்டரியைத் திருகாணி கழற்றி மாற்ற முடிகிறதா என்று பார்த்துக்கொண்டால், சரத்தை எறியாமல் பேட்டரியை மட்டும் மாற்றலாம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் முதலில் தங்கள் பால்கனி எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கவனிக்க வேண்டும். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகையிலும் பினாங்கு 5 பாகையிலும் இருப்பதால், செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை சூரியன் தெற்கே சாய்ந்தே செல்கிறது. தீபாவளி, கார்த்திகை, பொங்கல் மூன்றும் இந்தக் காலத்துக்குள் வருகின்றன. வடக்கு பார்த்த பால்கனியில் அந்த மாதங்களில் நேர்வெயில் படவே படாது.

எண்ணெய் விளக்கும் பேட்டரி விளக்கும்

பித்தளைக் குத்துவிளக்கையும் காமாட்சி விளக்கையும் அலங்காரப் பொருள் என்று சொல்லவே தயக்கமாக இருக்கிறது. ஆனால் நான் சொல்லும் அளவுகோலில் அவைதான் முதலிடம் பெறுகின்றன. அவை ஸ்டோர் ரூமுக்குப் போவதேயில்லை. சாமி மேடையில் தினமும் எரிகின்றன, பண்டிகை நாளில் வாசலுக்கு வருகின்றன, பிறகு தங்கள் இடத்துக்குத் திரும்புகின்றன. ஈரக்காற்றில் கறுத்தாலும் புளியின் அமிலம் அந்தக் கறுப்பைக் கரைத்துவிடும். தேய்த்துக் கழுவி உடனே ஈரம் போகத் துடைக்க வேண்டும், அவ்வளவுதான். உடைவதில்லை, நசுங்கினாலும் எடைக்கு விலை உண்டு. விலை கூடுதல் என்பது மெய். ஆனால் பாட்டி காலத்து விளக்கு பேத்தி வீட்டில் எரியும் குடும்பங்களில் அந்த விலையை ஆண்டுகளால் வகுத்துப் பார்த்தால் பேச வேண்டியதே இல்லை.

மண் அகல் இதற்கு அடுத்தது. சந்தையில் கிடைப்பவற்றில் இந்திய இறக்குமதியும் உண்டு. கோல சிலாங்கூர்ப் பக்கம் தமிழ்க் குடும்பத்தார் சக்கரத்தில் வைத்துச் செய்வதும் உண்டு. விலை குறைவு என்பதாலேயே ஒவ்வோர் ஆண்டும் புதிதாக இருபது வாங்கி, முடிந்ததும் எறிந்துவிடுகிறோம். மண்தானே, மக்கிவிடும் என்ற எண்ணம் சரியன்று. சுட்ட மண் மக்காது, உடைந்து கிடக்கும். அகலை ஆண்டுக்கணக்கில் வைத்துப் பயன்படுத்த முடியும், ஆனால் அதற்குக் கை உழைப்பு வேண்டும். புதிய அகலை ஓரிரு மணி நேரம் நீரில் ஊறவைத்து உலர்த்தினால் அது எண்ணெய் குடிப்பது குறையும். குறைந்தாலும், நுண்துளை வழியே கசிந்து அடியில் வட்டமாக எண்ணெய்க் கறை விடவே செய்யும். டைல் தரையென்றால் அடியில் ஒரு சிறு தட்டோ வாழை இலைத் துண்டோ வைப்பது நல்லது. பண்டிகை முடிந்தபின் திரியை எடுத்துவிட்டு, பாத்திரம் கழுவும் நீர்மம் கலந்த வெந்நீரில் இரவு முழுவதும் ஊறவிட்டுத் தேய்த்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிட வேண்டும். அப்படிச் செய்யாமல் எடுத்து வைத்த அகல், அடுத்த ஆண்டு பெட்டியைத் திறக்கும்போது சிக்கடித்த எண்ணெய் வாடையோடு வரவேற்கும். கூடவே கரப்பான் பூச்சியும் வரும்.

இதில் நம் நாட்டுக்கே உரிய மற்றொரு காரணமும் உண்டு. மதில் மீதும் வடிகால் ஓரத்திலும் வைத்த அகல்களை எடுக்காமல் விட்டால், மறுநாள் மழையில் ஒவ்வொன்றும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு தொட்டியாகிவிடும். டிங்கிக் கொசு முட்டையிட அத்தனை சிறிய நீரே போதும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதன் முட்டைகள் நீர் வற்றினாலும் பல மாதம் உயிரோடு ஒட்டிக்கிடக்கும் என்பதால், நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்க்கவும் வேண்டும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வளாகத்தில் கொசுப்புழு கண்டால் நீதிமன்றம் போகாமலே 500 வெள்ளி வரை தண்டம் விதிக்கலாம். வாசலில் பூ மிதக்கவிடும் உருளிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அடுக்குமாடி நடைபாதை தனி விஷயம். 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி அது கூட்டுச் சொத்து. தீ விபத்தின்போது எல்லாரும் தப்பிக்கும் வழியும் அதுவே. அங்கே எரியும் விளக்கைப் பல நிர்வாகங்கள் அனுமதிப்பதில்லை, அனுமதிக்காததில் நியாயமும் இருக்கிறது. வீட்டுக்குள் வாசற்படியை ஒட்டிப் பித்தளை விளக்கு ஒன்றை ஏற்றிவிட்டு, வெளியே பேட்டரி விளக்குகளை வைப்பது அங்கு நடைமுறைக்கு ஒத்துவரும்.

பேட்டரி விளக்குகளில் பொத்தான் அளவு சிஆர்2032 பேட்டரி போடும் வகையை நான் ஒதுக்கிவிடுவேன். ஒரு தீபாவளிக்கு இருபது விளக்கென்றால் இருபது பேட்டரி, சில இரவுகளில் தீர்ந்து குப்பைக்குப் போகும். அதைவிட முக்கியமானது, தவழும் குழந்தை அதை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் உள்ளுக்குள் வெந்துபோகக்கூடும் என்பது. திறந்த இல்ல உபசரிப்பில் யார் வீட்டுக் குழந்தை எதை எடுத்து வாயில் போடும் என்று யார் கண்டது? ஏஏஏ அளவுள்ள, மீண்டும் மின்னேற்றக்கூடிய பேட்டரி போடும் விளக்கு விலை கூடினாலும், அதே பேட்டரி மற்ற நாள்களில் ரிமோட்டுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் போகும். அங்கும் பதினொரு மாதக் கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. பேட்டரி மூடி திருகாணி போட்டு மூடுவதாக இருக்க வேண்டும்.

தோரணம், பூ, கோலம்

மறுபயன்பாடு என்ற சொல்லுக்கு நாம் கொடுக்கும் மரியாதை தோரண விஷயத்தில் சற்று மிகை என்று எனக்குப் படுகிறது. மாவிலைத் தோரணத்தைச் சேமிக்கவே வேண்டாம். பெட்டாலிங் ஜெயாவிலும் செந்தூலிலும் பட்டர்வொர்த்திலும் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளின் முன்னால் மாமரம் இல்லாத தெரு அரிது. அண்டை வீட்டில் கேட்டால் ஒரு கொத்து கிடைக்கும். பச்சை மாறாமல் சில நாள் நிற்கும், காய்ந்தபின் சருகோடு சருகாகச் சேரும். பருத்தி நூலில் கோத்திருந்தால் நூலையும் பிரிக்க வேண்டியதில்லை. குருத்தோலை பின்னத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அதற்கு இணை வேறில்லை, இல்லாவிட்டால் அதைக் கற்றுக்கொள்ளத் தீபாவளி வாரம் உகந்த காலம் அன்று.

நெகிழி மாவிலைத் தோரணம் இதற்கு மாற்றாக வாங்கப்படுவது. அது எத்தனை ஆண்டு தொங்கினாலும் அழியாது என்பதால் பலர் கழற்றுவதே இல்லை. நிலைவாசலில் தூசியும் ஒட்டடையும் படிந்து, வெயிலில் பச்சை வெளிறி நீலமாகிக் கிடக்கும் தோரணத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பண்டிகையின் வருகையைச் சொல்ல வேண்டிய பொருள் எப்போதும் அங்கேயே இருந்தால் அது எதையும் சொல்வதில்லை. கழற்றி வைக்கக்கூடிய தோரணம் வேண்டுமென்றால், பழைய பட்டுச் சேலையின் சரிகைக் கரையை முக்கோணங்களாக வெட்டித் தைத்துக்கொள்வதே என் தேர்வு. சேலைகளோடு அலமாரியில் தட்டையாகக் கிடக்கும். சேலைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அதற்கும் கிடைத்துவிடும். நேர்வெயிலில் தொங்கவிட்டால் மட்டும் நிறம் போகும், எனவே கூடத்துக்குள் கட்டலாம்.

பூவில் தேர்வு இரண்டுதான். துணியில் செய்த சாமந்தி மாலை, நெகிழி மாலையைவிடத் தொய்வாகவும் அழகாகவும் விழும். சோப்பு நீரில் அலசிக் காயவைக்கலாம், ஆனால் முழுதும் காயாமல் பைக்குள் போட்டால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். சாமி படத்துக்குப் புதுப் பூதான் வேண்டும் என்பதில் பெரும்பாலான வீடுகளில் மாற்றுக் கருத்து இருக்காது. படத்துக்குப் புதுப் பூ ஒரு முழம், படிக்கட்டுக்கும் கூடத்துக்கும் துணிப் பூ என்று பிரித்துக்கொண்டால் செலவும் கழிவும் சேர்ந்தே குறையும்.

கோலத்தில் நம் வழக்கம் தமிழ்நாட்டிலிருந்து சற்று விலகியது. பேரங்காடிகளிலும் கல்லூரிகளிலும் சாயம் ஏற்றிய அரிசியால் பெரிய கோலம் போடுவது இங்கே பெருவழக்காகி, வீடுகளுக்கும் வந்துவிட்டது. எறும்புக்கு இரையாகும் என்று அரிசி மாக் கோலத்துக்குச் சொல்லும் பழைய நியாயத்தைச் சாயம் ஏற்றிய அரிசிக்குச் சொல்ல முடியாது. அதை மீண்டும் பயன்படுத்தலாம் என்பதும் பாதி உண்மைதான். தரையில் போட்டுத் துடைப்பத்தால் கூட்டினால் எல்லா நிறமும் கலந்து பழுப்பாகிவிடும், மறுமுறைக்கு உதவாது. ஒட்டுப்பலகையின் மீது, வெண்மாக் கோட்டுக்குப் பதிலாகத் தடித்த கயிற்றை எல்லையாக ஒட்டிக்கொண்டு நிறங்களை நிரப்பினால், முடிந்தபின் ஒவ்வொரு கட்டத்தையும் கரண்டியால் தனித்தனியே எடுத்துப் போத்தலில் போடலாம். அப்போதும் வண்டு வராமலிருக்க அரிசி நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். வண்ண மணல் இந்த வகையில் மேல், வண்டு வராது. கல்லுப்புக்குச் சாயம் ஏற்றும் யோசனை வறண்ட ஊருக்குச் சரி, நம் ஊரில் ஒரே இரவில் கசிந்து நிறம் ஒழுகும்.

தரையில் ஒட்டும் கோலப்படத்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. அதை உரித்தெடுத்து மீண்டும் ஒட்ட முடிந்ததாக எவரும் சொல்லிக் கேட்டதில்லை. அக்ரிலிக் துண்டுகளாகக் கிடைக்கும் அடுக்குக் கோலம் கட்டிலுக்கடியில் தட்டையாகக் கிடக்கும், கீறல் விழுந்தாலும் பல ஆண்டு வரும். அடுக்குமாடியில் நடைபாதையை அழுக்காக்காமல் இருக்க வேண்டியவர்களுக்கு அது உதவும். வாசலில் குனிந்து இழுக்கும் வெறும் வெள்ளை மாக்கோலத்தோடு அதை ஒப்பிட நான் முன்வரமாட்டேன். மாக்கோலத்துக்குச் சேமிப்பறையே தேவையில்லை.

எடுத்து வைப்பதும் இரவல் கொடுப்பதும்

வாங்கியதை எப்படி எடுத்து வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே மேலே சொன்ன ஆயுள் கணக்கு அமையும். அட்டைப்பெட்டி வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சும், கரப்பானுக்கு வீடாகும். மூடி இறுகப் பொருந்தும் நெகிழிப் பெட்டியோ, பலகாரம் தீர்ந்துபோன முறுக்கு டின்னோ போதும். மாத்திரைப் போத்தல்களிலும் காலணிப் பெட்டிகளிலும் வரும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்து வைத்திருந்தால் உள்ளே போடலாம். விளக்குச் சரத்தை முழங்கையில் சுற்றாமல் ஒரு பலகைத் துண்டில் தளர்வாகச் சுற்றினால் கம்பி உள்ளே அறாது. பேட்டரியைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும். பெட்டியின் பக்கவாட்டில் உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை மீட்டர் என்று எழுதி ஒட்டிவிட்டால், இருப்பது தெரியாமல் அடுத்த ஆண்டு மறுபடி வாங்கும் செலவு மிச்சமாகும். நம் வீடுகளில் சேரும் இரட்டைப் பொருள்களில் பாதி இப்படி வந்தவைதான்.

வைக்க இடமே இல்லாதவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. அதை நாம் போதிய அளவு நினைத்துப் பார்ப்பதில்லை. ஒரே தாமானில் நாம் தீபாவளிக்கும், மலாய்க்கார அண்டைவீட்டார் நோன்புப் பெருநாளுக்கும், சீனர் வீட்டில் சீனப் பெருநாளுக்கும், கிறிஸ்துவர் வீட்டில் டிசம்பரிலும் அதே மாதிரி விளக்குச் சரத்தைத் தனித்தனியே வாங்கி, தனித்தனியே ஸ்டோர் ரூமில் போட்டு வைக்கிறோம். இளமஞ்சள் ஒளி எல்லாப் பண்டிகைக்கும் பொருந்தும். இ27 கேபிள் ஒன்றை இரண்டு மூன்று வீடுகள் கூட்டாக வாங்கினால், ஒரு வீட்டில் பதினொரு மாதம் தூங்கும் பொருளுக்குப் பக்கத்து வீட்டில் வேலை கிடைத்துவிடும். கொலுப்படிக்கும் இது பொருந்தும். ஒன்பது நாளுக்காக ஏழு படி இரும்புச் சட்டத்தை வாங்கி வைக்க இடம் தேடுவதைவிட, உறவுக்குள் ஒருவர் வாங்கி, பிள்ளைகள் வெளியூர் போனதால் கொலு வைப்பதை நிறுத்திய வீட்டிலிருந்து பொம்மைகளையும் கேட்டுப் பெறலாம்.

ஏற்கனவே செத்துப்போன சரங்கள் எல்லார் வீட்டிலும் இருக்கும். கோலாலம்பூரில் 2015 செப்டம்பர் 1 முதலும் பினாங்கில் 2016 சூன் 1 முதலும் வீட்டுக் கழிவைப் பிரித்துப் போடுவது நடைமுறையில் இருந்தாலும், விளக்குச் சரத்தை நெகிழியோடு போட்டால் அது மறுசுழற்சிக்குப் போகாது. கம்பியும் மின்சுற்றும் உள்ளதால் அது மின்னணுக் கழிவு. பழைய கைப்பேசி, கெட்டுப்போன அடாப்டர் ஆகியவற்றோடு சேர்த்து ஒரு பையில் போட்டு வைத்து, சுற்றுச்சூழல் துறை தன் இணையத்தளத்தில் பட்டியலிட்டிருக்கும் சேகரிப்பு நிலையம் ஒன்றில் கொடுக்க வேண்டும். புதுச் சரம் வாங்கப் போகும் நாளிலேயே அந்தப் பையையும் காரில் ஏற்றிக்கொண்டால் வேலை முடிந்தது.